பச்சைத் தண்ணீரில் எந்த எண்? ஒஸ்லோ ஃபியோர்ட்டில் சின்னக் கமராவோடு



இந்தக் கிழமை எபிசோட்டில் தண்ணீருக்கடியில் படம் எடுக்கிற கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒலியில் எண்களைச் சொன்னால் ஒருவருக்கும் நினைவில் நிற்காது. அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கேட்காதவர்களும் இதை வாசித்தாலே போதும்.

கதையைத் தொடக்கி வைத்தது ஒரு அக்காவின் கடிதம்:

"தம்பி, மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில ஃபியோர்ட்டைப் பற்றி ஒரு புரொஜெக்ட். இங்கியஸ்ட்ரான் கரையில ஸ்நோர்க்கல் போட்டுக்கொண்டு 90 படம் எடுத்தவள். ஆட்டோவில எடுத்ததெல்லாம் பச்சைக் கஞ்சி. தண்ணிக்கடி மோடில எடுத்தது மாலைதீவு மாதிரி வந்திருக்கு. டீச்சர் பார்த்திட்டு, இது உண்மையா இங்கதான் எடுத்ததோ எண்டு கேட்டவவாம். பிள்ளை அழாத குறை. தண்ணி குளிர முதல் இன்னொருக்காப் போகலாம். என்ன செற்றிங் வைக்கிறது?"

அக்கா, டீச்சர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பிழை பிள்ளையில் இல்லை. கமரா தன்பாட்டில் முடிவெடுத்தது, அவ்வளவுதான். அந்த முடிவுகளை நாங்கள் எப்படி எங்கள் கைக்கு எடுக்கிறது என்பதுதான் இன்றைய பாடம்.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. ஊருக்குப் போயிருந்தபோது நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாமலையில் நல்ல படங்கள் கிடைத்தன. அதே எண்களோடு இங்கே ஃபியோர்ட்டில் இறங்கினேன். ஒரு படமும் உருப்படியாக வரவில்லை. கமரா அதேதான், ஆளும் அதேதான். தண்ணீர்தான் வேறு.

ஏன் பச்சை?

சுத்தமான கடல்நீர் முதலில் சிவப்பை விழுங்கும். நாலைந்து மீற்றருக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும், நீலம்தான் ஆழம்வரை போகும். அதனால்தான் பவளப்பாறைப் படங்கள் நீலமாக இருக்கின்றன.

ஒஸ்லோ ஃபியோர்ட்டில் இன்னொரு வேலையும் நடக்கிறது. குளொம்மா, திராமன் ஆறு, நகரத்துக்குள்ளேயே ஓடுகிற ஆக்கர் ஆறு எல்லாம் காட்டு மண்ணில் ஊறின பழுப்புச் சாயத்தைக் கொண்டுவந்து கடலில் விடுகின்றன. பிளேன்டீயை நினைத்துக்கொள்ளுங்கோ. அந்தச் சாயம் நீலத்தை விழுங்கும். கோடையில் மிதக்கிற நுண்பாசியும் அதோடு சேரும். சிவப்பைத் தண்ணீர் எடுக்க, நீலத்தைச் சாயம் எடுக்க, மிஞ்சுவது பச்சை.

ஆகவே பச்சை என்பது கமராவின் கோளாறு இல்லை. அதை முழுக்க அழித்தால் படம் பொய் சொல்லத் தொடங்கும்.

முதலில் ஒரு வெள்ளைத் தட்டு

கமராவைத் தொட முதல் ஒரு வேலை. வெள்ளைத் தட்டொன்றில் பாரம் கட்டி, கயிற்றில் பாலத்தடியில் இறக்குங்கோ. தட்டு கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் கயிற்றில் அளந்து எழுதுங்கோ. 1865இல் இத்தாலிய விஞ்ஞானி செக்கி செய்துகாட்டிய முறை இது. கடல் ஆய்வாளர்கள் இன்றும் அவர் பெயரிலேயே அந்தத் தட்டைப் பாவிக்கிறார்கள்.

படம் எடுக்கிறவருக்கு இதில் என்ன பலன்? தட்டு 4 மீற்றரில் மறைந்தால், படம் எடுக்கும் தூரம் அதில் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது, அதாவது 1 மீற்றர். இது கைக்கணக்குத்தான், ஆனால் உதவும். எந்த எண்ணை மாற்றினாலும் இடையில் நிற்கிற கலங்கலை மாற்ற முடியாது. கிட்டப் போவதுதான் முதல் செற்றிங்.

சூம் பண்ணுவது கிட்டப் போவது ஆகாது. உதாரணத்துக்கு ஒலிம்பஸ் டிஜி-6 கமராவின் லென்ஸ் அகலத்தில் எஃப்2.0, முழுச் சூமில் எஃப்4.9. அகலத்தில் வருகிற வெளிச்சத்தில் ஆறிலொரு பங்குதான் சூமில் உள்ளே வரும். கலங்கலும் அப்படியே இருக்கும். சூமை மறந்துவிடுங்கோ.

மூன்று பேர் தூக்கிற சுமை

படத்துக்குத் தேவையான வெளிச்சத்தை ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ என்று மூன்று பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். ஒருவர் கொஞ்சம் இறக்கினால் மற்றவர் அவ்வளவுக்கு ஏற்ற வேண்டும். கரையில் ஆர் தூக்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீருக்குள் ஒழுங்கு முக்கியம்.

*ஷட்டர் முதலில்.* ஸ்நோர்க்கல் போட்டு மிதக்கிற உடம்பு ஒரு கணமும் ஆடாமல் நிற்காது. பாறையில் ஒட்டியிருக்கிற மட்டி, பாசி என்றால் 1/125 செக்கன். மீன் என்றால் 1/250. ஒரு கையால் பாறையைப் பிடித்து ஆடாமல் நிற்கலாம் என்றால் 1/60க்கு இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். அக்காவின் மகளின் "பச்சைக் கஞ்சி"யில் பாதி கலங்கலாகவும் மற்றப் பாதி ஆட்டமாகவும் இருக்கும் என்பது என் ஊகம். நிறத்தைப் பிறகு திருத்தலாம். ஆடின படத்தைத் திருத்த முடியாது.

*அபர்ச்சர் இரண்டாவது.* பெரிய கமரா வைத்திருப்பவர்கள் "எஃப்8, எஃப்11 வையுங்கோ" என்பார்கள். சின்னக் கமராவுக்கு அது பொருந்தாது. விரல்நகம் அளவு சென்ஸரில் எஃப்2.8 வைத்தாலே, பெரிய முழுச் சட்டகக் கமராவில் எஃப்16 வைத்த அளவுக்கு முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். ஆகவே திறந்தே வையுங்கோ: எஃப்2.0 அல்லது எஃப்2.8. டிஜி-6இல் அகலக் கோணத்தில் எஃப்8 என்று காட்டுவதும் உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போடுவதுதான். வெளிச்சம் குறையும், தெளிவின் ஆழம் கூடாது.

கனன் ஜி7எக்ஸ், சோனி ஆர்எக்ஸ்100 போன்ற ஒரு அங்குல சென்ஸர் கமராவைத் தனி ஹவுசிங்கில் போட்டு இறக்குகிறவர்கள் எஃப்4இல் தொடங்கலாம்.

*ஐஎஸ்ஓ கடைசியில்.* மிச்சச் சுமையை இவர் தூக்கட்டும். ஆட்டோவில் விட்டு, மேல் எல்லையை மட்டும் கட்டுங்கோ: சின்னச் சென்ஸருக்கு 800, ஒரு அங்குலத்துக்கு 1600. அதற்கு மேல் போனால் பாசியின் இழையும் படத்தின் மணல் புள்ளியும் ஒன்றாகிவிடும். எல்லையைத் தொட்ட பிறகும் படம் இருட்டாக இருந்தால், எண்ணைத் தேடாதீர்கள். மேலே வாருங்கோ, அல்லது வெயில் வரும்வரை பொறுங்கோ.

ஒரு சிக்கல் இருக்கிறது. டிஜி-6இல் ஷட்டரை நேரடியாக வைக்க வழி இல்லை. 'ஏ' மோடில் எஃப்2.0 வையுங்கோ. பிறகு ஐஎஸ்ஓவை 200, 400, 800 என்று கையால் ஏற்றிக்கொண்டே திரையைப் பாருங்கோ. ஷட்டர் 1/125ஐத் தொட்டதும் நிறுத்துங்கோ.

ஒளிமானி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கமராவுக்குள் இருக்கிற ஒளிமானி ஒன்றைத்தான் விரும்பும்: எல்லாம் நடுத்தரச் சாம்பலாக வரவேண்டும். கறுத்த பாசிக் காட்டைக் காட்டினால் "இருட்டு" என்று பயந்து வெளிச்சத்தைக் கூட்டும், பாசி வெளிறிப்போகும். வெள்ளை மணலைக் காட்டினால் குறைக்கும், மணல் சேறாகத் தெரியும். ஈவி என்ற கூட்டல் கழித்தல் பட்டன் இருப்பது இதற்குத்தான்.

- கறுத்த பாசி, மட்டிப் பாறை: –0.7
- வெளிர் மணல்: +0.3
- இருண்ட தண்ணீரில் மிதக்கிற கண்ணாடி ஜெலிமீன்: –1. இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும்.
- கீழேயிருந்து மேற்பரப்பைப் பார்த்து எடுப்பது: 0. முன்னால் நிற்பது நிழலுருவாக வரும், வரட்டும்.

ஐமிச்சம் என்றால் கொஞ்சம் இருட்டாக எடுங்கோ. இருட்டைப் பிறகு ஓரளவு தூக்கலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது. இன்னுமொன்று: தண்ணீருக்குள் சுற்றவர இருட்டு என்பதால் திரை பளிச்சென்று தெரியும். "அருமையான படம்" என்று நம்பிக் கரைக்கு வந்தால் எல்லாம் கறுப்பு. திரையின் அழகை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கோ. மலை இடது சுவரில் மோதாமலும் வலது சுவரில் ஏறாமலும் இருந்தால் சரி.

நிறமும் பிளாஷும்

தண்ணீருக்கடி மோடுகள் பெரும்பாலும் நீலக் கடலை மனதில் வைத்து, இழந்த சிவப்பைப் பலமடங்கு கூட்டுகின்றன. இங்கே அது பச்சையை அள்ளி எறிந்துவிட்டு, கண் காணாத ஒரு கடலை உருவாக்கிவிடும். மாலைதீவு வந்தது அப்படித்தான். 'ரா' கோப்பாக எடுங்கோ. ரா இல்லாத கமரா என்றால், படம் எடுக்கிற அதே ஆழத்தில் வெள்ளைத் தட்டைக் காட்டி வைட் பேலன்ஸை நீங்களே வையுங்கோ. ஆழம் மாறினால் திரும்பவும் வைக்க வேண்டும். அதே தட்டு, இரண்டாவது வேலை!

கமராவோடு ஒட்டின பிளாஷை நிறுத்திவிடுங்கோ. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து போகிற ஒளி, இடையில் மிதக்கிற ஒவ்வொரு துகளிலும் பட்டுத் திரும்பும், படத்தில் பனி கொட்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு டைவிங் டோர்ச்சைக் கை நீட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கோ, அரை மீற்றருக்குள் இருக்கிற பொருளுக்கு மட்டும்.

எப்போது இறங்குவது?

ஜூன் நடுவில் ஒஸ்லோவின் நண்பகல் வெயில் சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும், மேற்பரப்பில் தெறித்து வீணாகிறது மிகக் கொஞ்சம். டிசம்பரில் அது சுமார் 6 அல்லது 7 பாகைதான், நேர் வெயிலில் ஏறக்குறையப் பாதி தண்ணீருக்குள் நுழையாமலே திரும்பிவிடும். குளிர்காலத் தண்ணீர் பாசியில்லாமல் தெளிவாக இருந்தாலும் வெளிச்சம் கிடையாது. அது டோர்ச்சோடு போகிற டைவர்களின் காலம். எங்களுக்குக் கோடைதான். கோடை நேரத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கில்லை, பகல் 1.20 அளவில். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணித்தியாலம் நல்ல நேரம்.

எண்களைப் பூட்டுங்கோ

இனி அக்காவின் மகளுக்கு மட்டுமான பகுதி, மற்றவர்களும் வாசிக்கலாம்.

அழகான படத்துக்கு எண்களை மாற்றலாம். சாட்சிப் படத்துக்கு மாற்றக்கூடாது. இந்த வருடம் ஆட்டோவில் ஒன்று, அடுத்த வருடம் ஆட்டோவில் ஒன்று எடுத்து "ஃபியோர்ட் தெளிந்துவிட்டது" என்று சொன்னால், நீங்கள் ஒப்பிடுவது கமராவின் இரண்டு முடிவுகளை. ஆகவே ஒரே இடம், ஒரே ஆழம், ஒரே தூரம், ஒரே நேரம், ஒரே வைட் பேலன்ஸ், சட்டகத்தின் ஓரத்தில் அந்த வெள்ளைத் தட்டு. மனுவல் மோட் உள்ள கமராவில் மூன்று எண்களையும் பூட்டுங்கோ.

மனுவல் இல்லாத கமராவிலும் ஒரு வழி இருக்கிறது. அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் பூட்டி, ஈவியை 0இல் விட்டு, தட்டு சட்டகத்தை நிரப்பும்படி படம் எடுங்கோ. கமரா தேர்ந்த ஷட்டர் எண் கோப்பிலேயே பதிந்திருக்கும், அதுவே ஒளியின் அளவு. உதாரணத்துக்கு 1 மீற்றரில் 1/500, 3 மீற்றரில் 1/125 வந்தால், இடைப்பட்ட 2 மீற்றர் தண்ணீர் முக்கால்வாசி வெளிச்சத்தை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். முகில் மறைக்காத நேரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து எடுக்க வேண்டும். பிள்ளையின் கையில் இருப்பது கமரா மட்டுமில்லை, ஒரு ஒளிமானியும்கூட.

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. கடற்புல்லும் பாசியும் வெளிச்சத்தில்தான் வாழ்கின்றன. தண்ணீர் கறுக்கக் கறுக்க அவை வளரக்கூடிய ஆழம் மேலே மேலே வரும், அதற்குள் ஒளிந்து வளர்கிற குஞ்சு மீன்களுக்கு இடம் குறையும். இந்த ஃபியோர்ட்டில் 2019 முதல் கொட் மீன் பிடிக்கத் தடை. 2021இல் அரசாங்கம் ஃபியோர்ட்டை மீட்க ஒரு முழுத் திட்டமே வெளியிட்டது. எங்கள் படத்துக்குப் போதாமல் போகிற அதே வெளிச்சம்தான் கீழே இருக்கிற புல்லுக்கும் போதாமல் போகிறது.

இறங்க முதல்

தனியாகப் போகவேண்டாம். படகு ஓடுகிற பக்கம் வேண்டாம். சிவப்புப் பிரென்மானெட் ஜெலிமீன் தெரிந்தால் கமராவை விட்டு விலகுங்கோ. கமராவின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரோ மணலோ இருக்கிறதா என்று பார்த்து, முதலில் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கோ. வந்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கோ.

இந்தக் கிழமைப் பயிற்சி

ஒரு மட்டிப் பாறை, ஐந்து படம். 1/125, எஃப்2.8, ஐஎஸ்ஓ எல்லை 800, ஈவி –0.7, பிளாஷ் இல்லை. தூரத்தை மட்டும் மாற்றுங்கோ: 2 மீற்றர், ஒன்றரை, 1, முக்கால், அரை. ஐந்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், மேலே எழுதினதில் பாதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அக்கா, மகளிட்டச் சொல்லுங்கோ: படம் பச்சையாக வரட்டும். மட்டியின் விளிம்பு தெளிவாக, ஓரத்தில் வெள்ளைத் தட்டோடு, கீழே நாலு எண்ணோடு வந்தால், டீச்சர் "இது இங்கதானோ" என்று கேட்க இடமே இருக்காது. படங்கள் வந்ததும் அனுப்பி வையுங்கோ, பார்க்க ஆசையாக இருக்கு.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.