ஷார்ஜாவில் பெட்டி, திண்டுக்கல்லில் பில்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பிளேஸ்டேஷன் 5 வேண்டும் என்று பல மாதமாக ஒரே பிடிவாதம். அவனுடைய அத்தாவுக்கு ஷார்ஜாவில் வேலை. அடுத்த மாதம் லீவில் வருகிறார். அங்கே விலை குறைவு, வரும்போது வாங்கி வந்துவிடுகிறேன் என்கிறார். என் கொழுந்தனாரோ, "அவ்வளவு பணம் எதற்கு? டவுனில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் பி.எஸ்.4 இருபதாயிரத்துக்கு இருக்கிறது, இருபத்தைந்து கேமும் ஏற்றித் தருகிறார்கள்" என்கிறார். மகன் ஆன்லைனில் ஆர்டர் போடச் சொல்கிறான். போன நோன்புப் பெருநாளைக்கு ஆன்லைனில் வாங்கிய 1,800 ரூபாய் ஹெட்செட் பத்து நாளில் ஒரு பக்கம் கேட்காமல் போய்விட்டது. ஏழு நாள் தாண்டிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து ஆன்லைன் என்றாலே எனக்குப் பயம். வீட்டில் 32 இன்ச் டிவிதான் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா? எதை வாங்குவது, எங்கே வாங்குவது?

— ஒரு வாசகி, பேகம்பூர், திண்டுக்கல்

பதில்: டிவியை மாற்ற வேண்டாம். உங்கள் டிவியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் போதும், பிளேஸ்டேஷன் வேலை செய்யும். பி.எஸ்.5 தரும் 4கே படத்தின் முழுத் துல்லியம் அதில் தெரியாது, அவ்வளவுதான். கேம் பெட்டி வாங்கப் போன இடத்தில் "இதுக்கு இந்த டிவி சரிப்படாதுங்க" என்று இன்னொரு நாற்பதாயிரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மற்ற மூன்று யோசனைகளையும் விலையை வைத்து எடை போட்டால் ஷார்ஜாவும் செகண்ட் ஹேண்டும்தான் ஜெயிக்கும். நான் வேறொன்றைக் கேட்பேன்: பெட்டி பழுதானால் நீங்கள் யார் வாசலில் போய் நிற்பீர்கள்?

ஷார்ஜாவை எடுத்துக்கொள்வோம். அங்கே மலிவு என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் காரணம் இருக்கிறது. அமீரகத்தில் மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடுதான். இங்கே வரும் பெட்டிக்கு இறக்குமதிச் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து விலை ஏறுகிறது. ஆனால் அங்கே வாங்கியதற்கு அங்கேதான் வாரண்டி. பிளேஸ்டேஷனுக்கு நாடு நாடாகத்தான் வாரண்டி கொடுக்கிறார்கள். ஷார்ஜா பில்லைக் கொண்டுபோய் இங்குள்ள சோனி சர்வீஸ் சென்டரில் நீட்டினால் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காது. அதை அங்கே திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த லீவு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டி வரும் சாமான்களோடு வளர்ந்த ஊர் உங்களுடையது. அந்தக் காலத்து டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் பழுதானால் உள்ளூர் மெக்கானிக் திறந்து, பெல்ட்டை மாற்றி, ஹெட்டைத் துடைத்துக் கொடுத்துவிடுவார். வாரண்டியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பி.எஸ்.5 அந்த ஜாதி இல்லை. அதன் சிப்புக்கும் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதிக்கும் நடுவே வழக்கமான பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகத்தை வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத கை திறந்து அது வழிந்து போர்டில் பட்டால் ஷார்ட் ஆகும். எச்.டி.எம்.ஐ. துளை உடைந்தால் செல்போன் சால்டரிங் தெரிந்த நல்ல கைகள் மாற்றிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் கஷ்டம்.

சின்னச் சிக்கல்களும் உண்டு. அங்கே பிளக் மூன்று சதுரக் கால் வைத்தது. நல்லவேளையாக பி.எஸ்.5-க்கு ரேடியோவுக்கு வருவதுபோல் எட்டு வடிவ முனையுள்ள சாதாரண வயர்தான், இங்கே எளிதாகக் கிடைக்கும். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் கரண்ட் பிரச்சினை இல்லை. டிஸ்குகளை எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் அந்த கேமுக்குப் பிறகு ஆன்லைனில் வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க் எந்த வட்டாரத்துடையதோ அந்த வட்டாரக் கணக்கில் வாங்கினால்தான் சேரும். உங்கள் மகன் இந்தியக் கணக்கில் பணம் போட்டு வாங்கிவிட்டு, ஷார்ஜா டிஸ்கில் அது திறக்கவில்லையே என்று முழிப்பான். எனவே பெட்டி எங்கிருந்து வந்தாலும் டிஸ்கை இங்கேயே வாங்குங்கள்.

சுங்கத்தில் பயணிக்கு அனுமதித்த வரியில்லாத் தொகைக்குள் அவர் கொண்டுவரும் மற்றப் புதுச் சாமான்களும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். லேப்டாப் ஒன்றுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு, கேம் பெட்டிக்கு இல்லை. வரம்பு எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர் ஆசையாக வாங்கிவிடத்தான் போகிறார் என்றால் தடுக்காதீர்கள். ஆனால் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் வாங்க வேண்டாம். இந்த வாரமே வாங்கி, அறையிலேயே பெட்டியைப் பிரித்து, ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் ஓட்டிப் பார்க்கட்டும். அறை நண்பர்களுக்கும் சந்தோஷம். எலக்ட்ரானிக் சாமானில் தயாரிப்புக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே காட்டிவிடும், அப்போது கடைக்காரர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். சீல் உடையாத பெட்டி என்ற பெருமையை விட அது முக்கியம். "பி.எஸ்.5 புரோ" என்ற பெரிய மாடலை அங்கே காட்டினால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் அது வெளியானபோது, அதன் வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் திறந்துவிடப்படாததைக் காரணம் காட்டி சோனி இங்கே விற்கவில்லை. உங்கள் 32 இன்ச் டிவிக்கு அது எந்த வகையிலும் தேவையில்லை.

கொழுந்தனார் சொல்லும் பி.எஸ்.4-ஐ நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தியாவில் அது 2014 ஜனவரியில் வந்த மாடல். இருபதாயிரம் அதிகம். அதைவிட என்னை உறுத்துவது "இருபத்தைந்து கேம் ஏற்றித் தருகிறோம்" என்ற பேச்சு. அப்படியென்றால் பெரும்பாலும் பெட்டியைப் பூட்டு உடைத்து, ஜெயில்பிரேக் செய்து, திருட்டு நகல்களை ஏற்றியிருப்பார்கள். அதை ஆன்லைனில் இணைத்தால் சோனி தடை செய்துவிடலாம், அப்டேட் போட்டால் ஏற்றிய கேம்கள் ஓடாது. நண்பர்களோடு சேர்ந்து விளையாடத்தானே பையன் கேட்கிறான்? ஒரு வாரத்தில் உங்களிடம் அழுதுகொண்டு வருவான்.

பூட்டு உடைக்காத பழைய பெட்டி எங்காவது கிடைத்தால் கடையிலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். தடை விழுந்த பெட்டி அங்கேயே தெரிந்துவிடும். ஒரு டிஸ்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஃபேன் ஜெட் விமானமாக இரையக் கூடாது, டிஸ்கைத் துப்பக் கூடாது, கன்ட்ரோலரைத் தொடாமல் வைத்திருக்கும்போது ஆட்டக்காரன் தானாக நடக்கக் கூடாது. சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய சாமானுக்கும் பில் உண்டு. தர மறுத்தால் அது யாருடைய பெட்டி என்ற சந்தேகம் எனக்கு வரும்.

இனி உங்கள் மகன் சொல்வது. சோனி பி.எஸ்.5-ஐ இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ல் விற்கத் தொடங்கியது. மெலிந்த மாடல் 2024 ஏப்ரலில் வந்தது. டிஸ்க் போடும் பெட்டி 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் பெட்டி 44,990 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். பண்டிகை நாட்களில் 5,000 ரூபாய் குறைத்து விற்றதும் உண்டு. காசு மிச்சம் என்று எல்லோரும் டிஜிட்டல் பக்கம் சாய்வார்கள். உங்கள் வீட்டுக்கு நான் டிஸ்க் பெட்டியைத்தான் சொல்வேன். பெரிய கேம்கள் புதிதாக வரும்போது 4,999 ரூபாய்க்குக்கூட விற்கின்றன. டிஸ்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், பக்கத்துத் தெரு மச்சானிடம் கொடுத்து அவனுடையதை வாங்கி ஆடலாம். டிஜிட்டலில் வாங்கியது அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் கொடுக்க முடியாது, சோனியின் கடை சொல்வதுதான் விலை. இரண்டு மூன்று கேமிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆன்லைனில் எதிராளிகளோடு கிரிக்கெட், ஃபுட்பால் ஆட பெரும்பாலும் பி.எஸ். பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். பெட்டியின் விலையோடு கணக்கை மூடிவிடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது விற்பவர் யார் என்று பாருங்கள். செயலியின் பெயர் பெரிதாக இருக்கும், விற்பவரின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். "இம்போர்ட்டட்", "செல்லர் வாரண்டி" என்ற சொற்கள் இருந்தால் ஷார்ஜாப் பெட்டியையே கூடுதல் விலைக்கு வாங்குகிறீர்கள். முறையாக வந்த பெட்டியின் மேல் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி. ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் இதற்கு நல்ல உதாரணம். அந்த நிறுவனம் அதை அதிகாரபூர்வமாக இந்தியாவில் விற்கவே இல்லை, ஆனாலும் இணையத்தில் எத்தனை பேர் விற்கிறார்கள் பாருங்கள். டவுனில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை ஆன்லைன் விலைக்கு ஆயிரம், இரண்டாயிரம் கூடச் சொன்னாலும் நான் அங்கேதான் வாங்குவேன். பெட்டி பழுதானால் பையனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய்ப் பேசலாம்.

வாங்கும் முன் ஒரு சங்கதி. எந்த கேமுக்காக என்று மகனிடம் கேட்டீர்களா? ஜி.டி.ஏ. 6 என்று சொல்வான் என்பது என் ஊகம். 2026 நவம்பர் 19-ல் வரும் என்று ராக்ஸ்டார் அறிவித்திருக்கும் அந்த கேம் பி.எஸ்.4-க்குக் கிடையாது. இந்தப் பிடிவாதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த வரிசை கேம்களின் அட்டையில் 18 என்று முத்திரை இருக்கும். திருட்டு, துப்பாக்கி, ஆபாசம் எல்லாம் உண்டு, ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கானது அல்ல. ஃபுட்பாலும் கிரிக்கெட்டும்தான் வேண்டும் என்றால் அவசரமே இல்லை, தீபாவளித் தள்ளுபடி வரை பொறுக்கலாம். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து பிளேஸ்டேஷன் ஆடும் இடம் பக்கத்தில் இருந்தால் அதுவரை அங்கே போய் வரட்டும். ஆசை அங்கேயே தீர்ந்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பெட்டி வந்ததும் உங்கள் பெயரில் பெரியவர் கணக்கு, அவனுக்கு அதன் கீழ் பிள்ளைக் கணக்கு என்று தொடங்குங்கள். எத்தனை மணி நேரம், எந்த வயதுக்கான கேம், மாதம் எவ்வளவு செலவு என்று நீங்களே பூட்டலாம். டெபிட் கார்டைப் பதிந்து வைக்காதீர்கள், வேண்டும்போது கிஃப்ட் கார்டு வாங்கிப் போடலாம். போனில் துப்பாக்கி கேமுக்குச் சட்டை, தொப்பி என்று அவன் காசு கேட்டாலும் யோசியுங்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் அரசு தடை செய்தபோது, அவற்றுக்குள் பணம் போட்டிருந்த பிள்ளைகள் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போக ஓர் இடம் இல்லை.

கடைசியாக அந்த ஹெட்செட். உங்களை அவர்கள் ஏமாற்றியது ஒரு குழப்பத்தை வைத்து. ஏழு நாள் என்பது பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு. வாரண்டி அதோடு முடிவதில்லை. அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ வாரண்டி போட்டிருக்கும். அதைத் தர வேண்டியது ஹெட்செட் கம்பெனி, அவர்களுடைய சர்வீஸ் எண்ணுக்குப் பில்லோடு எழுதுங்கள். கூடவே வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். (கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.)

இரண்டு இடத்திலும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் அந்த மட்டத்திலேயே பேசி முடிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. ஆர்டர் எண், பணம் கட்டிய தேதி, "எடுக்க முடியாது" என்று அவர்கள் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட், எந்தப் பக்கம் கேட்கவில்லை என்பது, இவ்வளவுதான் எழுத வேண்டியது. மகனையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.