ஆல் இன் ஒன்னா, பழைய வொர்க்ஸ்டேஷனா?

பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் நம் குடும்பங்களில் எழும் கேள்வி, "எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்பதே. கடையில் இரண்டு வழிகள் காட்டுவார்கள். ஒன்று, திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கிய புது 'ஆல் இன் ஒன்'. மற்றது, அலுவலகங்கள் கழித்த பழைய 'வொர்க்ஸ்டேஷன்'.

எனக்குத் தெரிந்த ரயிலை வைத்தே சொல்கிறேன். மின்சார லோக்கல் வண்டியில் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே உள்ளன. இடம் மிச்சம், ஆனால் பெரிய பழுதென்றால் வண்டியே பணிமனைக்குப் போகும். எஞ்சின் இழுக்கும் வண்டியிலோ எஞ்சினை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

ஆல் இன் ஒன் லோக்கல் வண்டி போல. சிறிய வீட்டுக்கு ஏற்றது. ஆனால் திரை கெட்டால் கம்ப்யூட்டரும் சேர்ந்து கடைக்குப் போகும். சிலவற்றில் மெமரியைப் பின்னால் கூட்டவே முடியாது. 2021-இல் வந்த 24 அங்குல ஐமேக் அப்படிப்பட்டது. வாங்கும்போது 8 அல்லது 16 ஜிபி என்று முடிவு செய்தால் அதுவே கடைசி.

வொர்க்ஸ்டேஷனில் ஒவ்வொரு உறுப்பையும் தனியே மாற்றலாம். 2014-இல் வந்த ஹெச்.பி. இசட் 440-இல் மெமரிக்கு 8 இடங்கள். 128 ஜிபி வரை போடலாம். இதன் இ.சி.சி. மெமரி, 64 பிட் தகவலுடன் 8 பிட் சரிபார்ப்பையும் வைத்து, ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இசட் 440-இன் செயலிகள் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை, லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். திரை தனிச்செலவு. பழைய ஹார்டு டிஸ்க்கை நம்பாமல் புது எஸ்.எஸ்.டி. போடவேண்டும். மின்சாரமும் கூடும்: 100 வாட் அதிகம் இழுத்தால், தினம் 5 மணி நேரத்துக்கு மாதம் 15 யூனிட்.

எனவே முதலில் பாடத்துக்கு எந்த மென்பொருள் தேவை என்று கேளுங்கள். ரெவிட், சாலிட்வொர்க்ஸ் இரண்டும் விண்டோஸில்தான் ஓடும். அதற்குப் பட்டியலில் உள்ள செயலி கொண்ட, சற்றே புதிய வொர்க்ஸ்டேஷன் நல்லது. கணக்கு, கடிதம், இணைய வகுப்பு மட்டும் என்றால் ஆல் இன் ஒன் போதும். அப்போதும் மெமரியைக் கூட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

தவணையில் வாங்கும் பொருள், தவணை முடியும் முன்பே முடங்கிவிடக் கூடாதல்லவா?