மண் ஆர்க்கிட்டுக்கு மண் கொஞ்சம் போதும்

ஆர்க்கிட் என்றால் மரத்தில் தொற்றி வளர்வது, வலைக்கூடம் போட்டுப் பேண வேண்டியது என்று பலரும் நினைக்கிறார்கள். தரையில் வேரூன்றும் ஆர்க்கிட்களும் நம் நாட்டில் ஏராளம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பட்டியலில் உள்ள 1,256 வகைகளில் 447 தரையில் வாழ்பவை. அவற்றுள் பெரும்பாலானவை காட்டை விட்டு வெளியே வந்தால் தங்காது. வீட்டு வாசலில் ஆண்டு முழுவதும் பூத்துத் தரும் ஒன்றைத்தான் நான் பல ஆண்டுகளாக நாகர்கோவிலில் வளர்த்து வருகிறேன். நர்சரிகளில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தாவரவியல் பெயர் ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா. இளந்தென்னங்கன்றின் இலை போல மடிப்பு மடிப்பாக நீண்ட இலை, அடியில் பச்சைக் குமிழ், இலைகளுக்கு நடுவிலிருந்து எழும்பும் நீளத் தண்டு, அதன் உச்சியில் கீழிருந்து மேலாக இரண்டும் மூன்றுமாக விரியும் ஊதாப் பூக்கள். ஒரு தண்டு வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி செடியை வாங்கி வந்த கையோடு கேட்டாள்: “யக்கா, இத மண்ணுல நடணுமா, மரத்துல கெட்டணுமா?” இந்தச் செடியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். மண்ணில்தான் நட வேண்டும். ஆனால் நம் செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் தொட்டியில் அடைக்கும் மண்ணில் அல்ல. இதன் வேர் தடித்தது, ஈரம் தேடுவது. அதே வேளையில் காற்று இல்லாவிட்டால் சில நாட்களிலேயே அழுகுவது. ஈரமும் காற்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் கலவை, தண்ணீர், கன்று பிரித்தல், விதை எல்லாம் தானாக விளங்கிவிடும்.

என் கலவை இது: செம்மண் ஒரு பங்கு, விரல் நுனி அளவுக்கு வெட்டிய கதம்பல் (தேங்காய் உரிமட்டை) இரண்டு பங்கு, உடைத்த ஓட்டுத் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை ஒரு பங்கு, இவற்றோடு ஒரு கை அடுப்புக்கரி. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும் எங்கள் ஊரில் ஓட்டுத் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. கிடைக்காதவர்கள் செங்கல் சல்லி போடலாம். கதம்பலைப் பச்சையாகப் போடக் கூடாது. சில நாள் தண்ணீரில் ஊறவிட்டு, பழுப்புச் சாயம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்ற வேண்டும். அந்தச் சாயமும், கடலோரத்துக் கதம்பலில் இருக்கும் உப்பும் இளவேரைச் சுட்டுவிடும். கலவை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணி முடிப்பதற்குள் அடித்துளையில் சொட்டத் தொடங்க வேண்டும். மேலே தேங்கி நின்றால் செம்மண் அதிகம் என்று அர்த்தம்.

நடும் ஆழத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குமிழின் பாதியாவது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதுத் தளிர் குமிழின் அடிப்பகுதியிலிருந்துதான் வரும். அந்த இடத்தை மண் மூடினால் மழைக்காலத்தில் தளிர் உள்ளேயே கறுத்துப்போகும். செடி ஆடுகிறதே என்று பயந்து ஆழமாகப் புதைப்பதைவிட, ஒரு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டிவிடுவது நல்லது. புது வேர் இறங்கியதும் குச்சியை எடுத்துவிடலாம்.

வெயில் விஷயத்தில் இலையின் நிறமே போதிய தகவல் தரும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், உச்சிவெயிலில் நிழல் என்பது என் அளவு. கரும்பச்சையாகி இலை தொய்ந்து சரிந்தால் நிழல் கூடிவிட்டது, பூ வராது. மஞ்சளாகி மடிப்பின் மேட்டில் பழுப்புத் தழும்பு விழுந்தால் வெயில் கூடிவிட்டது. இளம்பச்சையில் நிமிர்ந்து நிற்கும் இலைதான் பூக்கத் தயாரான இலை. சென்னை, மதுரை மாடிகளில் வளர்ப்பவர்களுக்குச் சித்திரை வைகாசியில் 50 சதவீத நிழல்வலை கட்டாயம் வேண்டும்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மடிப்பு இலையின் குருத்தில் இரவு முழுக்கத் தண்ணீர் நின்றால் அழுகல் வரும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி காய்ந்துகொண்டே வரும். உரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் உரம் போட்டால் நிலைமை மோசமாகும். மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஓரிரு முறையாவது தொட்டி வழிய ஊற்றி உப்பை அடியோடு கழுவி வெளியேற்றுவது நல்லது. உரத்துக்கு 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறேன். செடி ஏற்கெனவே நனைந்திருக்கும்போது மட்டும். மக்கிய சாணம் சிறிது போடலாம். பச்சைச் சாணமும் கட்டிக் கட்டியாக வேப்பம் புண்ணாக்கும் இந்தக் கலவையின் காற்றறைகளை அடைத்துவிடும்.

எங்கள் பக்கம் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டுமே உண்டு. அப்போது நத்தைதான் பெரிய எதிரி. பூந்தண்டு எழும்பும் குருத்தை ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும். அந்தியில் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்தை நான் பார்க்கவில்லை. கோடையில் இலையின் அடியில் செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் வரும். ஈரத்துணியால் துடைத்தாலே பாதி தீரும்.

இனி, ஒரு செடியைப் பல செடியாக்குவது. அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டிலிருந்து தோண்டி வராதீர்கள். அகத்தியமலையில் மட்டும் வளரும் பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற மஞ்சள் பூ ஆர்க்கிட்டும் தரையில் வளர்வதுதான். சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனதில் அது அழிந்துவிட்டது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எங்கள் மாவட்டத்தின் எல்லையிலேயே நடந்த இழப்பு அது, நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மலையில் மழைக்காலத்தில் தலைநீட்டும் ஹபனேரியா போன்றவை கோடையில் மண்ணுக்கடியில் கிழங்காக உறங்குபவை. தொட்டிக்கு வந்தால் அந்த உறக்கம் குலைந்து செத்துப்போகும். வீட்டில் வளர்க்கத் திசு வளர்ப்பில் உருவான நர்சரிக் கன்று போதும். கேரளத்து மண்ணுத்தியிலிருந்து வரும் கன்றுகளை எங்கள் ஊர் நர்சரிகளிலேயே வாங்கலாம்.

கன்று பிரிப்பதற்கு நான் பார்த்துக்கொண்டிருப்பது புதுத் தளிரை. தளிர் விரல் நீளம் வந்து, அதன் அடியில் வெள்ளை வேர் முனை எட்டிப்பார்க்கும் நேரம்தான் சரியான நேரம். எங்களுக்கு அது பெரும்பாலும் வைகாசிக் கடைசியில் அமையும். வேர் முனை வருவதற்கு முன் பிரித்தால் செடி பல வாரம் அப்படியே நிற்கும். புது வேர் நீண்ட பிறகு பிரித்தால் அவ்வளவும் முறியும். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி, மறுநாள் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் கட்டியாக வரும். கையால் பிய்க்காமல், தண்ணீர் வாளியில் அலசி அலசிக் கலவையை உதிர்த்துவிட்டால் குமிழ்கள் எந்த வரிசையில் தொடர்கின்றன என்று தெளிவாகத் தெரியும். பழையது ஒரு முனையில், புதியது மறுமுனையில்.

ஒவ்வொரு துண்டிலும் மூன்று குமிழாவது இருக்குமாறு வெட்ட வேண்டும். இரண்டு இருந்தாலும் பிழைக்கும், ஆனால் பூக்க ஓராண்டு கூடுதலாகும். ஒவ்வொரு குமிழையும் தனித்தனிச் செடியாக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசையை அடக்கினால் அடுத்த பருவத்திலேயே பூப் பார்க்கலாம். கத்தியை ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையில் கட்டாயம் நெருப்பில் காட்ட வேண்டும். ஆர்க்கிட்களைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் வெட்டுக்கத்தி வழியாகவே தோட்டம் முழுக்கப் பரவக்கூடியது. வந்தபின் மருந்து கிடையாது. வெட்டுவாயில் சமையலுக்கான பட்டைத் தூளைத் தடவி, நிழலில் ஒரு நாள் காயவிட்டு நடுகிறேன். பட்டைத் தூள் வேரில் படக் கூடாது, வேரை உலர்த்திவிடும். நட்ட தொட்டிகளை முதல் இரண்டு வாரம் திண்ணை ஓரத்தில், மழை படாத இடத்தில் வைத்துத் தண்ணீரைத் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இலை உதிர்ந்த பழைய குமிழ்களைத் தூக்கி எறிய வேண்டாம். சுருங்காமல் கெட்டியாக இருந்தால் அவற்றுக்கு இன்னும் உயிர் உண்டு. ஈரமான கதம்பல் தூளில் பாதி பதிய வைத்து, நிழலில் விட்டால் பக்கமொட்டு விழித்துத் தளிர் விடும். மெதுவாகத்தான் வரும்.

பலரும் தொடத் தயங்குவது விதை. எனக்கு இந்தச் செடியின் மேல் தீராத பிரியம் வந்ததே விதையால்தான். ஊதாப் பூ வகை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும், வண்டுக்குக் காத்திருக்காது. அதனால் பூ வாடியதும் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அத்தனை காயையும் விட்டுவைத்தால் செடி இளைக்கும். ஒரு தண்டில் ஓரிரு காயை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். காய் மஞ்சளாகி, பிளவுக் கோடு தெரியத் தொடங்கும்போது ஒரு காகித உறையைக் கட்டிவிட வேண்டும். வெடித்தால் உள்ளிருக்கும் பொடியான விதை முழுவதும் காற்றோடு போய்விடும்.

ஆர்க்கிட் விதையில் முளைக்குச் சோறூட்டும் பருப்பு கிடையாது. அதனால் மண்ணில் விழுந்தாலும் தனியாக முளைக்காது. அதற்கேற்ற பூஞ்சை உள்ளே புகுந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். 1899-ல் பிரான்சில் நோயெல் பெர்னார்ட் இதைக் கண்டறிந்தார். 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் சர்க்கரை சேர்த்த அகார் ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலேயே விதையை முளைக்க வைத்தார். இன்று விதையிலிருந்து ஆர்க்கிட் உருவாக்கும் ஆய்வுக்கூடக் குடுவைகள் எல்லாம் அதன் வழி வந்தவை. நம் வீட்டில் குடுவையும் நுண்ணுயிர் நீக்கிய அறையும் இல்லை. ஆனால் பெர்னார்ட் சொன்ன பூஞ்சை இருக்கிறது. அது நலமாக வளர்ந்து நிற்கும் தாய்ச்செடியின் தொட்டியில், வேரைச் சுற்றி வாழ்கிறது.

ஆகவே விதையைப் புதுத் தொட்டியில் தூவாதீர்கள். இரண்டாண்டு பழைய, கதம்பல் மக்கத் தொடங்கிய, மேற்பரப்பில் மெல்லிய பாசி படிந்த தாய்த்தொட்டியில் தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். பூவாளியால் ஊற்றாமல் தெளிப்பானால் நனையுங்கள். அந்தத் தொட்டிக்குப் பூஞ்சைக்கொல்லி எதுவும் போடக் கூடாது. நோய்ப் பூஞ்சையோடு முளைக்கு உதவும் பூஞ்சையும் செத்துவிடும். நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைக்கூட நான் அங்கே தவிர்க்கிறேன். சில மாதங்களில் பாசிக்கு நடுவே பச்சைப் பொட்டுகள் தென்படும், பிறகு புல் நுனி போன்ற ஓரிலை. களை என்று பிடுங்கிவிட மிக எளிது. இலையில் நீளவாட்டு மடிப்பு இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். என் வீட்டில் தொட்டிக்குப் பக்கத்துச் செங்கல் சுவரின் பாசியிலும் முளைத்திருக்கிறது. 1883-ல் வெடித்த கிரகட்டோவா எரிமலைத் தீவில், சாம்பல் ஆறிய பின் முன்வரிசையில் வந்து குடியேறிய ஆர்க்கிட்களில் இதுவும் உண்டு என்பதை அந்தச் சுவரைப் பார்க்கும்போது நம்ப முடிகிறது.

இதே குணம் வேற்று மண்ணில் தொல்லையாகவும் ஆகியிருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் தோட்டத்திலிருந்து தப்பிப் பரவிய இந்தச் செடி அங்குள்ள கூன்வண்டுக்குத் தீனியாகி, அந்த வண்டு பெருகி உள்ளூர் ஆர்க்கிட் ஒன்றையும் தாக்குகிறது. மலையோரத்திலும் ஓடைக்கரையிலும் வீடு உள்ளவர்கள் காய்களை முதிரவிடாமல் கிள்ளிவிடுவது நல்லது. நகரத்து மாடியில் வளர்ப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

நாற்றுக்கு மூன்று இலை வந்து, அடியில் பட்டாணி அளவில் குமிழ் திரளும்போது இடம் மாற்றலாம். அதுவரை தாயின் நிழலிலேயே இருக்கட்டும். தனியாக இழுக்காமல், பாசியையும் பழைய கலவையையும் சேர்த்துக் கரண்டியால் கட்டியாகப் பெயர்த்து, நான்கைந்து நாற்றை ஒரே சிறு தொட்டியில் நட்டால் அந்தப் பூஞ்சையும் கூடவே போகும். நன்றாகக் கவனித்தால் முளைத்த இரண்டாண்டை ஒட்டிப் பூக்கும். ஆர்க்கிட்களில் இது மிக விரைவு. தாய் ஊதா வகையாக இருந்தால் பிள்ளையும் அநேகமாக அதே ஊதா. மஞ்சள், செம்மஞ்சள் கலப்பின விதையென்றால் எந்த நிறம் வரும் என்று பூத்தால்தான் தெரியும். முதல் தண்டுப் பூ சிறியதாகவும் வெளிறியும் இருக்கலாம். இரண்டாவது தண்டையும் பார்த்த பிறகு எதை வைத்துக்கொள்வது, எதைப் பிறருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.