கடைசி இடத்திலிருந்து எழும் வழி: ஆட்டமில்லாத மாதங்களில் கால்பந்து அணியைச் சீரமைக்கும் முறை

2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு அணியை 3-2 என்ற கணக்கில் வென்று இரண்டாம் முறையாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைக்கொண்ட சென்னையின் எஃப்.சி., அடுத்த பருவத்திலேயே 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளும் 9 புள்ளிகளும் பெற்று, பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. அதற்கும் அடுத்த பருவத்தில் அதே அணி 29 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்று, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என வீழ்த்தி, 2020 மார்ச்சில் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டியது. இந்த வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் நடுவே, 2019-இல், ஆட்டமில்லாத சில மாதங்களே இருந்தன. அத்தகைய மாதங்களை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதை, அணி நடத்துவோருக்கும் அணியை நேசிப்போருக்கும் படிப்படியாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்து வாழ்கின்ற எங்களுக்கு, பகவான் ரமணர் மதுரையில் வேங்கடராமன் என்னும் பள்ளிச் சிறுவராய் இருந்தபோது கால்பந்திலும் மல்யுத்தத்திலும் பெருவிருப்பம் கொண்டிருந்தார் என்பதும், அவர் சேர்ந்த பக்கமே ஜயிப்பது கண்டு தோழர்கள் அவரைத் ‘தங்கக்கை’ என்று அழைத்தனர் என்பதும் அவருடைய சரித்திரத்தின் வாயிலாகத் தெரிந்த செய்திகள். சிறுவர் விளையாட்டில் அப்படி ஒருவர் வாய்ப்பது உண்டு. ஆயின், ஊதியமும் ஒப்பந்தமும் பல்லாயிரம் ரசிகரின் நம்பிக்கையும் பிணைந்த தொழில்முறை அணியை, ஒரு தங்கக்கையை எதிர்பார்த்து அமைத்தல் ஆகாது. அதனை வரிசைக்கிரமமான சிந்தனையைக் கொண்டே அமைத்தல் வேண்டும்.

இந்தச் சிந்தனை நம் நாட்டு அணிகளுக்கு ஒரு பங்கு கூடுதலாகவே தேவைப்படுகிறது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளில் கடைசியில் நின்ற அணிக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கிறது. இங்கிலாந்திலோ கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுமாதலால், அந்த அச்சமே அதனை விழிக்கச் செய்கிறது. சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் நின்ற 2019-இல் நம் லீகில் அந்தச் சலுகையும் இல்லை, அந்தத் தண்டனையும் இல்லை. தானே விழித்துத் தானே எழுவதன்றி அவ்வணிக்கு வேறு வழி இருக்கவில்லை.

முதற்படி: தோல்வியின் காரணங்களைப் பகுத்தறிதல்

கடைசி ஆட்டம் முடிந்த இரண்டு வாரங்களுக்குள், மனக்கசப்பு ஆறுவதற்கும் நினைவு மங்குவதற்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு தாள் எழுதுக. வயது, ஆடிய நிமிஷங்கள், காயத்தால் இழந்த நாட்கள், ஊதியம், ஒப்பந்தம் முடியும் தேதி ஆகிய ஐந்தும் அதில் இருத்தல் அவசியம். பின்னர் அணி வாங்கிய கோல்களையெல்லாம் மீண்டும் பார்த்து, கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றால் வந்தவை எத்தனை, நடுக்களத்தில் பந்தை இழந்ததால் வந்தவை எத்தனை, கடைசிக் கால்மணி நேரத்தில் களைப்பினால் வந்தவை எத்தனை என்று பிரித்தெழுதுக. கோல் போடாமைக்கும் இவ்வாறே காரணம் காண வேண்டும். வாய்ப்புகள் உண்டாகியும் வலைக்குள் செல்லவில்லையெனில் குறை முன்கள வீரரிடத்தில். வாய்ப்புகளே உண்டாகவில்லையெனில் குறை அவருக்குப் பின்னால், நடுக்களத்தில். இந்தப் பேதத்தை உணராத அணிகளே, நடுக்களம் வறண்டிருக்க ஸ்டிரைக்கர்களை மேன்மேலும் வாங்கிப் பணத்தை விரயம் செய்கின்றன.

காரணங்களுள் தற்காலிகமானது எது, நிரந்தரமானது எது என்பதையும் நிர்ணயிக்க வேண்டும். வியாசர்பாடி தந்த தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் 2018-19 பருவத்தின் பெரும்பகுதியை இழந்தமை சென்னையின் நடுக்களத்தைப் பலவீனப்படுத்தியது; இது தற்காலிகமான காரணம். மேலும், லீகில் கடைசியில் நின்ற அதே அணி 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று கோவாவிடம் 2-1 என்ற கணக்கிலேயே தோற்றது. ஆகவே எல்லாரையும் அனுப்பிவிட்டுப் புதிதாய்த் தொடங்குவதும், யாரையும் மாற்றாமல் அதிருஷ்டம் திரும்பும் என்று காத்திருப்பதும் ஆகிய இரண்டுமே பிழையாகும்.

இரண்டாம் படி: பயிற்சியாளரைப் பற்றிய முடிவு

ஆட்டக்காரரைத் தேடுமுன் பயிற்சியாளர் இருப்பாரா, மாறுவாரா என்பதைத் தீர்மானித்துவிடுக. இம்முடிவைத் தள்ளிப்போட்டு ஆட்களைச் சேர்க்கும் அணி, ஒருவருடைய எண்ணத்திற்கென வாங்கியவரை மற்றொருவர் கையில் ஒப்படைக்க நேரிடும். ஆனால் எத்துணை உறுதியான முடிவும் பருவத்தின் நடுவில் குலையலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கோப்பையை வென்று தந்த ஜான் கிரெகரியையே சென்னையின் தொடர்ந்து வைத்துக்கொண்டது. 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோலும் போடவில்லை. நவம்பர் இறுதியில் அவர் விலக, டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். 2019 கோடையில் சேர்த்த அதே ஆட்டக்காரர்களைக் கொண்டே அவர் இறுதியாட்டத்தை எட்டினார். பயிற்சியாளர் மாறியும் ஆட்கள் பயன்பட்டனர் என்றால், ஆட்டக்காரரின் அடிப்படைத் தகுதியைப் பார்த்துச் சேர்த்திருந்தனர் என்பதே பொருள். ஆதலால், ‘இப்பயிற்சியாளருக்கு இவர் வேண்டும்’ என்று மட்டும் கேளாமல், ‘நாளை வேறொருவர் வந்தாலும் இவர் பயன்படுவாரா’ என்றும் ஒவ்வொரு பெயரைக் குறித்தும் கேட்டுக்கொள்க.

மூன்றாம் படி: வைத்துக்கொள்வோரும் விடைகொடுப்போரும்

இப்பொழுது பெயர்களை நான்கு வகுப்பாகப் பிரித்திடுக: எந்நிலையிலும் காக்க வேண்டியவர், ஊதியம் இசைந்தால் இருக்கலாம் என்பவர், வேறு அணிக்குக் கடனாக அனுப்பி ஆட்ட அநுபவம் பெறச் செய்ய வேண்டிய இளைஞர், விடைபெற வேண்டியவர். முதல் வகுப்பில் இந்திய ஆட்டக்காரர் மிகுதியாக இருக்கும் அணியே ஸ்திரமானது. ஏனெனில் அயல்நாட்டார் பெரும்பாலும் ஓரிரு பருவங்களில் மாறிவிடுகின்றனர். 2019-இல் 21 வயதேயான அநிருத் தாபாவைச் சென்னையின் தக்கவைத்துக்கொண்டது இவ்வகையில் சரியான செயல்.

நான்காம் வகுப்பை எழுதுவதற்குத்தான் மனத்துணிவு வேண்டும். 2018 இறுதியாட்டத்தில் சென்னையின் போட்ட மூன்று கோல்களுள் இரண்டு மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியவை; மூன்றாவது ரபேல் அகஸ்டோவினுடையது. 2019-20 பருவம் தொடங்கியபோது இவ்விருவருமே அணியில் இல்லை. கடந்த காலத்திற்கு நன்றி செலுத்துவது வேறு, வருங்காலத்திற்கு ஒப்பந்தம் எழுதுவது வேறு. நன்றியை மரியாதையால் செலுத்த வேண்டும்: விடைகொடுக்கும் செய்தியை நேரில், முன்கூட்டியே சொல்லுதலும், நிலுவைத் தொகையைக் குறித்த தேதியில் தீர்த்தலும் அதில் அடங்கும். இரண்டு மாத ஊதியம் நிலுவையாயின், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் தெரிவித்தபின் ஆட்டக்காரர் தக்க காரணத்துடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதிகள் இடமளிக்கின்றன என்பதை நிர்வாகிகள் மறக்கலாகாது.

நான்காம் படி: அயல்நாட்டார் இடங்களை நிரப்புதல்

அயல்நாட்டார் இடங்கள் சிலவே. ஆதலின் ஒவ்வோர் இடமும் விலையுயர்ந்தது. 2019-20 பருவத்தில் ஓர் அணி ஏழு அயல்நாட்டாரை வைத்துக்கொண்டு ஐவரை ஒரே நேரத்தில் ஆடவிடலாம் என்றிருந்தது. 2021-22 முதல் ஆசிய நாட்டவர் ஒருவர் உட்பட அறுவர் என்றும், களத்தில் நால்வர் என்றும் குறைந்தது. விதி பருவந்தோறும் மாறக்கூடுமாதலால், சுற்றறிக்கையைப் படித்த பின்னரே பட்டியலைத் தொடங்குக. அவ்விடங்களைக் கோலுக்கு நேரே செல்லும் நடுக்கோட்டில் செலவிடுவதே உசிதம்: நடுத் தற்காப்பு, நடுக்களம், முன்களம். ஓரங்களில் ஆட நம் நாட்டு இளைஞர் போதிய அளவில் இருக்கின்றனர்.

சென்னையின் தேர்ந்த எழுவரைப் பார்த்தால் இந்த நியாயம் விளங்கும். தற்காப்புக்கு ருமேனியாவின் லூசியன் கோயன், பிரேசிலின் எலி சாபியா, ஆப்கானிஸ்தானின் மசீ சைகானி. பந்தைப் பங்கிட்டு வாய்ப்புகளை உண்டாக்கப் பிரேசிலின் ரபேல் கிரிவெல்லாரோ. கோல் போட லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ். இவர்களுடன் மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, ருமேனியாவின் திராகோஷ் ஃபிர்துலெஸ்கு. 32 வயதான வால்ஸ்கிஸ் அப்போது நம் ரசிகர் பெரும்பாலோர் கேள்விப்படாத பெயர். அவரே 15 கோல்களுடன் அப்பருவத்தின் தங்கக் காலணியைப் பெற்றார். புகழுக்குக் கொடுக்கும் விலையைப் பொருத்தத்திற்குக் கொடுப்பதால் விளையும் லாபம் இத்தகையது.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் ஆண்டுதோறும் வந்து தங்கும் அயல்நாட்டு அன்பர்களைக் கண்டுவருகிற எங்களுக்கு, எத்துணை ஈடுபாட்டோடு வந்தவராயினும் அவருடைய உடல் நம் வெயிலுக்கும் நீருக்கும் உணவுக்கும் இசையச் சில வாரங்கள் பிடிக்கும் என்பது தெரியும். தொண்ணூறு நிமிஷம் ஓட வேண்டியவருக்கு அவ்வாரங்கள் பருவத்தின் கணிசமான பகுதி. கோயன் முன்பே மும்பை அணியில் ஆடியவர். சாபியா சென்னைக்குப் பழகியவர். சைகானி 2019 ஏ.எஃப்.சி. கோப்பையில் சென்னையின் இருந்த பிரிவிலேயே டாக்காவின் அபஹானி அணியில் இருந்தவர். எழுவருள் மூவரேனும் இம்மண்ணையும் இப்பருவநிலையையும் அறிந்தவராக இருக்கும்படி பார்த்துக்கொள்க. புதியவர்களை முகாம் தொடங்கும் நாளிலேயே வரவழைத்து, உறைவிடத்தையும் குடும்பத்தாரின் வசதியையும் முன்னரே ஏற்பாடு செய்க.

ஐந்தாம் படி: நம் மண்ணின் ஆட்டக்காரர்

சென்னையின் கடைசியில் நின்ற அதே 2018-19 பருவத்தில், கோயம்புத்தூர் நேரு மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி., சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. திறமை தமிழகத்தில் இல்லாமற் போகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா. அந்த வெற்றி அணியிலிருந்து எட்வின் சிட்னி வன்ஸ்பாலைச் சென்னையின் சேர்த்துக்கொண்டது. டெல்லியிலிருந்து லல்லியன்சுவாலா சாங்தேயையும், புணேயிலிருந்து கோல்கீப்பர் விஷால் கைத்தையும் அழைத்துக்கொண்டது. ஆனால் சென்னை சிட்டியில் பெயர் பெற்ற கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜோ ஜாம்ஷெட்பூர் சென்று, பின்னர் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார்; 2020 இறுதியாட்டத்தில் சென்னையினை 3-1 என வென்றது அந்த ஏ.டி.கே.யே.

இதிலிருந்து கொள்ள வேண்டிய விதி தெளிவானது. சென்னை சீனியர் டிவிஷன் ஆட்டங்களையும், சந்தோஷ் டிராபிக்கான மாநிலத் தேர்வுகளையும், வியாசர்பாடியையும், தூத்தூர் முதலான கடற்கரைக் கிராமங்களையும் ஆண்டு முழுவதும் பார்த்துவர ஒருவரை நியமித்திடுக. அவரை எங்கள் திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களின் கல்லூரி மைதானங்களுக்கும் அனுப்புக. உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் களத்தில் இறங்கும்போது அரங்கத்தில் எழும் உற்சாகம் பெரிது. ஆயினும் அதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மொழியும் உணவும் வீடும் இசைந்த இடத்தில் ஆடும் இளைஞன் விரைவில் முதிர்ச்சி பெறுகிறான், மலிவில் கிடைக்கிறான், நெடுநாள் நிலைக்கிறான் என்பதனாலேயே சொல்கிறேன்.

ஆறாம் படி: காலத்தையும் உடலையும் கணக்கிடுதல்

ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களே எஞ்சியிருக்கும் ஆட்டக்காரருடன் மற்றோர் அணி முன்ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது ஃபிஃபா விதி. எனவே பருவம் முடிந்த பிறகே தேடத் தொடங்கும் அணி மற்றவர் விட்டதைப் பொறுக்க நேரிடும். தேடல் ஜனவரியிலேயே தொடங்கிவிடட்டும். கையொப்பத்துக்கு முன் முழங்கால், தொடைத்தசை, இருதயம் ஆகியவற்றின் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்கலாகாது. முகாமுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஒதுக்கி, முதல் இரண்டில் உடல் வலிமையையும், அடுத்த இரண்டில் தற்காப்பு ஒழுங்கையும், எஞ்சியவற்றில் நட்பாட்டங்களையும் மேற்கொள்க. 2019-இல் ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டங்கள் ஜூன் வரை நீடித்தமையால் சென்னையினுக்கு ஓய்வு குறுகியது. அத்தகைய ஆண்டில் மூத்தவருக்கு முழு ஓய்வளித்து, இளையோரை முதலில் முகாமுக்கு அழைத்தல் நலம்.

ஏழாம் படி: கையிருப்பும் தொடர்ச்சியும்

ஊதியத் தொகை முழுவதையும் கோடையிலேயே செலவிட்டுவிடாமல், பத்தில் ஒரு பங்கையும் ஓர் இடத்தையும் ஜனவரி மாற்றத்திற்கென்று நிறுத்தி வையுங்கள். அதனினும் முக்கியம், வெற்றி வந்தால் என்ன செய்வது என்பதை முன்னரே யோசித்தல். 2020 இறுதியாட்டத்திற்குப் பின் காய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் சென்றுவிட, அடுத்த பருவத்தில் சென்னையின் எட்டாம் இடத்திற்கு இறங்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்கள் ஆடினால் ஒப்பந்தம் ஓராண்டு நீளும் என்ற ஷரத்தைச் சேர்த்தெழுதுதல், முப்பதைக் கடந்தவரின் இடத்திற்கு இருபதுகளில் ஒருவரை உடன் வளர்த்தல், பயிற்சியாளர் போனாலும் போகாத ஒரு விளையாட்டு இயக்குநரை நியமித்தல் ஆகிய மூன்றும் இதற்குப் பரிகாரம்.

ஒரு கோடையின் நற்செயலால் கடைசி அணியும் இறுதியாட்டத்தை எட்டலாம் என்பதைச் சென்னையின் காட்டிவிட்டது; அந்நிலையில் நிலைத்திருக்க, அதே சிரத்தையை ஒவ்வொரு கோடையிலும் செலுத்த வேண்டும் என்பதையும் அதுவே காட்டிற்று. ஆகவே இவ்வேழு படிகளையும் தோற்ற ஆண்டின் சிகிச்சையாக மட்டும் கொள்ளாமல், வென்ற ஆண்டிலும் தவறாது செய்யும் நியமமாகக் கொள்ளுங்கள். ரசிகராயிருப்பவர், பெரிய பெயர் வந்ததா என்று கேட்பதை விடுத்து, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவ்வாண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது என்று தம் அணியாரைக் கேளுங்கள்.