மின்தடையும் சங்கத்தின் சர்வரும்

கைத்தறிச் சங்கமாயினும் விளைபொருள் விற்பனைச் சங்கமாயினும், நாள்வழியும் பேரேடும் இன்று பெரும்பாலும் கணிப்பொறியிலேயே எழுதப்படுகின்றன. அக்கணக்குகள் அனைத்தையும் தாங்கி நிற்கும் சர்வர் திடீரென மின்சாரமற்று நின்றுவிடுமாயின், அந்த வினாடியில் ஏறிக்கொண்டிருந்த பதிவு பாதியில் அறுபடக்கூடும். இருப்பிலிருந்து பாவு நூல் கழிந்திருக்கும். நெசவாளர் பெயரில் பற்று ஏறியிராது. நல்ல மென்பொருள் இத்தகைய அரைப் பதிவைத் தானே நீக்கிக்கொள்ளும் என்பது மெய்யே. ஆயினும் வட்டில் எழுத்து முடியுமுன் மின்சாரம் அற்றுப்போனால் அவ்வேற்பாடும் சில வேளைகளில் கைகொடாது. பிறகு பருத்திக் கிரயம் வாங்க வந்த அங்கத்தினருக்கு எந்தத் தொகையைச் சொல்வது?

இதற்காகவே யு.பி.எஸ். வாங்குகிறோம். ஆனால் பாட்டரி தீர்ந்த கணத்தில் சர்வர் முன் சொன்னவாறே விழும். எனவே பாட்டரியில் வலு இருக்கும்போதே சர்வர் தன் வேலைகளை முடித்து முறைப்படி தானாக நின்றுகொள்ளுமாறு நேரம் வகுத்து வைத்தல் வேண்டும். அந்நேரத்தைக் கணிக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றே பலரும் முதலில் கேட்கின்றனர். எமது கருத்தில் முதற் கேள்வி அதுவன்று. சர்வர் முறைப்படி நிற்க எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்பதே முதற் கேள்வி. வேலை மும்முரமாக நடந்த ஒரு நாளின் மாலையில், எல்லா மென்பொருளும் இயங்கிக்கொண்டிருக்கையில் நிறுத்தக் கட்டளை கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்க. 4 நிமிஷம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது பாட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரிகள் இரண்டு உள்ள யு.பி.எஸ்.ஸில் 150 வாட் சுமை இருக்கிறது என்க. இரண்டும் சேர்ந்து 168 வாட்-மணி. வகுத்தால் 67 நிமிஷம் வருகிறது. இக்கணக்கை நம்பலாகாது. 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. ஈயப் பாட்டரியிலிருந்து வேகமாக எடுக்க எடுக்கக் கிடைப்பது குறையும், யு.பி.எஸ்.ஸும் தன் பங்குக்குச் சிறிது தின்னும். ஏறக்குறைய அரை மணி நேரம் கிடைத்தால் திருப்தி கொள்ளலாம். அதுவும் பாட்டரி புதிதாக இருக்கும்வரை.

இனி நேரம் வகுத்தல். ஏபிசியுபிஎஸ்டி என்னும் இலவச மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். பாட்டரியில் 5 சதவீதம் மிஞ்சும்போது அல்லது 3 நிமிஷம் மிஞ்சும்போது, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, அது சர்வரை நிறுத்தத் தொடங்கும். இது அதன் இயல்பான அமைப்பு. நமது சர்வருக்கோ 4 நிமிஷம் வேண்டும்! ஆகவே மிச்ச நேரத்தை 10 நிமிஷமாகவும் மிச்ச வலுவை 40 சதவீதமாகவும் உயர்த்துவது நலம்.

இதிலும் ஓர் இடர் உண்டு. மிச்ச நேரம் என்று யு.பி.எஸ். சொல்வது ஊகமே. பழைய பாட்டரி 12 நிமிஷம் காட்டிவிட்டு மறு நிமிஷமே படுத்துவிடும். இதற்குப் பரிகாரமாக, மின்சாரம் நின்று இத்தனை வினாடி ஆனதும் எது எப்படியிருப்பினும் நிற்கவேண்டும் என்ற மூன்றாவது அமைப்பும் அம்மென்பொருளில் இருக்கிறது. அது இயல்பாகச் செயலற்று இருக்கும். அதில் 300 என்று இடுமாறு நாம் கூறுவோம். சில வினாடித் தடைகளுக்காகச் சர்வர் நின்று, எடைமேடையருகே மூட்டையுடன் காத்திருப்பவரைத் தவிக்கவிடாது. நீண்ட தடைக்கோ பாட்டரியில் போதிய வலு மிஞ்சும்.

மின்சாரம் திரும்பும் வேளையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சர்வர் நின்றுகொண்டிருக்கும்போதே மின்சாரம் வந்துவிட்டால், யு.பி.எஸ். ஒரு கணமும் அணைந்திராது. ஆதலால் சர்வரும் மீண்டும் எழாது, ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை. ஆகையால் சர்வர் நின்றபின் யு.பி.எஸ். தன் மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு மீளக் கொடுக்குமாறு அமைக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் எழும்படி சர்வரின் தாய்ப்பலகை அமைப்பிலும் குறிக்க வேண்டும். கட்டளை கிடைத்ததுமே யு.பி.எஸ். எண்ணத் தொடங்குமாயின், துண்டிக்கும் நேரம் சர்வர் நிற்கும் 4 நிமிஷத்தைவிட நிச்சயம் மிகுதியாக இருத்தல் வேண்டும். 1 நிமிஷம் என்று இட்டுவிட்டால், காவலுக்கு வைத்ததே கழுத்தை அறுத்த கதைதான்.

மின்சாரம் வந்தாலும் பாட்டரி நிறையப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மறு தடை வரலாம். பாதியளவு வலு ஏறியபின்பே சர்வரை எழுப்பும் வசதி யு.பி.எஸ்.ஸில் இருந்தால் அதைப் பயன்படுத்துக. நிறுத்தக் கட்டளை வலைக் கம்பி வழியாகச் செல்லுமாயின், இடையிலுள்ள சுவிட்ச் பெட்டியும் யு.பி.எஸ்.ஸிலேயே இணைந்திருக்க வேண்டும். அது அணைந்தால் கட்டளை சர்வரை எட்டாது. லேசர் அச்சுப்பொறியை மட்டும் அதில் மாட்டவே கூடாது; சூடேறும்போது அது பல நூறு வாட் இழுக்கும்.

ஈயப் பாட்டரி 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். 25 பாகை வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஓட்டுக்கூரை அறைகளில் இதை நினைவிற்கொள்க. ஆண்டுக்கு இருமுறை, விடுமுறை நாளில், சர்வரை முறைப்படி நிறுத்திக் கழற்றிவிட்டு, அதே வாட் அளவுள்ள பல்புகளை மாட்டி, சுவர் இணைப்பைப் பிடுங்கி, பாட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறதென அளக்கவும். அந்த எண்ணைத் தேதியுடன் யு.பி.எஸ்.ஸின் மேலேயே ஒட்டி வைக்கவேண்டும். அது 15 நிமிஷத்துக்குக் கீழிறங்கினால், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே புதிய பாட்டரிக்கு அனுமதி பெறுக.