தேன் குடிக்க வந்ததா, முட்டையிட வந்ததா?

தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி பறந்தால் நம்மில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். மீதிப் பேர் 'ஐயோ, புழு வரப்போகுது' என்று தெளிப்பானைத் தேடுகிறோம். இரண்டுக்கும் முன்னால் ஒரு ஐந்து நிமிடம் நின்று, அது எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். பூவில் உட்கார்ந்து குழலை நீட்டினால் பசி. ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஆண்கள். உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பூவே இல்லாத துளிரில் ஒரு நொடி தொட்டு, எழுந்து, பக்கத்துத் துளிரில் மறுபடி தொட்டால் அது பெண். முட்டையிட இடம் தேடுகிறது.

இந்தத் தொடுதலில்தான் விஷயமே இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். இலையின் நிறம், மணம் எல்லாம் பார்த்துக் கிட்டே வந்த பிறகும், முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்த்து, தன் குஞ்சு தின்கிற இலைதானா என்று உறுதி செய்துகொள்ளும். வங்கியில் கடன் கொடுக்குமுன் மூலப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. முட்டையிலிருந்து வரும் புழு இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இடம் தவறினால் அடுத்த செடிக்கு நடந்து போய்ச் சேராது. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த இலையில் பல பூச்சிகள் முட்டையிடத் தயங்குவதும் இந்த மணம், ருசி மாறிப்போவதால்தான். அதனால் துளிர் விடும்போதே தெளிக்க வேண்டும். விரல் நீளத்துக்குப் புழு வளர்ந்த பிறகு தெளித்து என்ன பயன்?

நமக்கு அதிகம் பழக்கமானது எலுமிச்சை அழகி. கறுப்புச் சிறகில் வெளிர் மஞ்சள் திட்டுகள், பின்சிறகின் உள்ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, வால் கிடையாது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை இவற்றின் இளந்துளிரில், சிறகடித்தபடியே வயிற்று நுனியை வளைத்து, ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். வெயில் காலத்தில் மூன்று, நான்கு நாளில் பொரிந்துவிடும். முதலில் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். குருவியே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம்! கடைசிப் பருவத்தில்தான் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பயப்பட வேண்டாம், கடிக்காது.

வளர்ந்த மரத்தில் பத்துப் பதினைந்து புழு தின்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நாற்றங்கால் கன்று, முதல் இரண்டு வருடக் கன்று என்றால் கதை வேறு. நாலைந்து புழு போதும், துளிரை மொட்டையடித்துவிடும். அங்கே தினம் காலையில் ஒரு சுற்று, கையால் பொறுக்குவதுதான் என் வழி. எடுத்த புழுவை வேலியோர வில்வத்திலோ பெரிய நாரத்தை மரத்திலோ விட்டுவிடலாம். முட்டை முழுக்கக் கறுத்திருந்தால் நசுக்காதீர்கள். உள்ளே டிரைக்கோகிரம்மா மாதிரி முட்டை ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். காசு கொடுத்து அட்டையாக வாங்கிக் கட்டுகிறோமே, அதே இனம். சந்தேகமாக இருந்தால் இலையோடு கிள்ளிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். புழு வருகிறதா, புள்ளி அளவு குளவி வருகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

கறிவேப்பிலையில் இன்னொரு வேடிக்கை. கறிவேப்பிலை அழகியின் ஆண் கறுப்பு. பின்சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையும் வாலும் உண்டு. பெண்களில் சில, பறவைகள் தின்னத் தயங்கும் காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சியைப் போலவே வேஷம் கட்டும். கள்ளக் கையெழுத்துதான்! கண்டுபிடிக்க உடம்பைப் பாருங்கள்: அசலுக்கு உடம்பு சிவப்பு, நகலுக்குக் கறுப்பு. முட்டையிடும் செடியும் காட்டிக்கொடுத்துவிடும். அசல் ஆடுதீண்டாப்பாளையையும் பெருமருந்துக் கொடியையும் தேடிப் போகும். கறிவேப்பிலைப் பக்கம் முட்டையிட வராது.

எருக்கில் முட்டையிடுவது ஆரஞ்சு நிற வெந்தய வரியன். அதனால் நம் பயிருக்கு ஒரு சேதமும் இல்லை. பூச்சிவிரட்டிக்கு எருக்கு வெட்டும்போது இரண்டு செடியை விட்டுவையுங்கள். சணப்பு, கிலுகிலுப்பையில் வரியன்கள் கூட்டமாக மொய்த்தாலும் கலங்காதீர்கள். பெரும்பாலும் ஆண்கள், அந்தச் செடியின் ஒரு சத்துக்காக வந்தவை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது மாதுளைக்காரர்கள்தான். ஆண் பளபளப்பான ஊதா நீலம், பெண் பழுப்பு, முன்சிறகில் ஆரஞ்சுத் திட்டு. பூவிலும் பிஞ்சின் மகுடத்திலும் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். புழு காயைத் துளைத்து உள்ளே போய்விட்டால் எந்தக் கரைசலும் அதைத் தொடாது. பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வருமுன் துணிப்பையோ வெண்ணெய்க் காகிதப் பையோ கட்டிவிடுங்கள். துளையோரம் எச்சம் தள்ளிய காயைக் கண்டால் அன்றே பறித்து அழியுங்கள். குப்பைமேட்டில் வீசினால் அங்கிருந்தே அடுத்த தலைமுறை கிளம்பி வரும்.