வாங்கும் வீட்டில் யாருடைய ஹக்கு இருக்கிறது?

 



ஸூரத்துந் நஹ்லில் அல்லாஹ் தன் நிஃமத்துகளை எண்ணிக் காட்டும்போது, நம் வீடுகளை நமக்கு நிம்மதி தரும் இடமாக ஆக்கியதையும் சேர்த்துச் சொல்கிறான் (16:80). விசாலமான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் மனிதனின் நற்பேறுகளில் நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஆகவே சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவதை துன்யா மோகம் என்று நான் சொல்ல மாட்டேன். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வாடகை ஏறி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விட்டுத் தூரமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவர்கள் நம்மிடம் வந்து என்ன கேட்கிறார்கள்? "ஹஜ்ரத், வாசல் தெற்குப் பக்கம் இருக்கு, பரவாயில்லையா? குடி போக எந்த நாள் நல்ல நாள்?" காற்றும் வெளிச்சமும் வருகிற பக்கம் எல்லாம் நல்ல பக்கம்தான். அல்லாஹ்வின் நாளில் கெட்ட நாள் இல்லை. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. ஆனால் "இந்த இடம் விற்கிறவருக்கு முழுசாகச் சொந்தம்தானா, வேறு யாருடைய ஹக்காவது இதில் இருக்கிறதா?" என்று கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்ததும் நபி (ஸல்) அவர்கள் முதலில் வாங்கிய இடம் எது? மஸ்ஜிதுந் நபவீயின் இடம். அது பேரீச்சம்பழம் காயப்போடும் களமாக இருந்தது. ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு எத்தீம் பிள்ளைகளுக்குச் சொந்தம். நபியவர்கள் விலை கேட்டார்கள். பிள்ளைகள் இனாமாகத் தருவதாகச் சொன்னார்கள். நபியவர்கள் இனாமாக ஏற்க மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று புகாரியில் வருகிறது. கட்டப்போவது அல்லாஹ்வின் பள்ளி, கேட்பவர் அல்லாஹ்வின் தூதர், கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் எத்தீமுடைய இடம் என்றால் அங்கே விலை பேசித்தான் ஆக வேண்டும் என்றிருக்கிறது. நாம் வாங்குவது நம் பெண்டு பிள்ளைகள் குடியிருக்க ஒரு வீடு. நாம் எவ்வளவு விசாரிக்க வேண்டும்?

நம் ஊர்களில் விற்பனைக்கு வரும் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் வாப்பா விட்டுப்போன வீடுகள்தான் என்பது என் அனுபவம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் வஃபாத்தாகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், அவரைப் பெற்ற தாய் ஆகியோர் உயிரோடு இருக்கிறார்கள். கடனும் வசிய்யத்தும் இல்லை. வீட்டின் விலை 60 லட்சம். ஸூரத்துந் நிஸாவின் சட்டப்படி தாய்க்கு ஆறில் ஒரு பங்கு, 10 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, ஏழரை லட்சம். மீதி நாற்பத்திரண்டரை லட்சத்தில் மகன்களுக்குத் தலா 17 லட்சம், மகளுக்கு எட்டரை லட்சம்.

நடப்பது என்ன? மகன்கள் இரண்டு பேரும் உம்மாவும் சேர்ந்து விலை பேசுவார்கள். மகளைக் கேட்டால், "அவளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாச்சு" என்பார்கள். நகை மீராஸ் ஆகாது. அது வாப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. மீராஸ் அவர் மூச்சு நின்ற பிறகு பிறக்கிற உரிமை. தாய்க்குரிய ஆறில் ஒன்றை, அதாவது பிள்ளைகளின் பாட்டிக்குரியதை, நினைத்துப் பார்ப்பவர்களே அரிது. அந்தப் பாட்டி மகனுக்குப் பிறகு வஃபாத்தாகியிருந்தால் அந்த 10 லட்சம் காற்றில் கரைந்துவிடாது. அது அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது உயிரோடு இருக்கும் அவருடைய மற்ற பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே விற்கிறவர்களின் பெரியப்பா, சாச்சா, மாமி எல்லோருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. ஃபிக்ஹில் இதற்கு முனாஸகா என்று தனிப் பாடமே இருக்கிறது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இறந்தவரின் வாரிசுகள் யார் என்று அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் காகிதம் அது இல்லை.

பங்குக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? சகோதரர்கள் தங்கள் பங்கைத்தான் விற்க முடியும். சகோதரியின் பங்கை அவர் அனுமதியில்லாமல் விற்றால், ஹனஃபி மத்ஹபில் அவர் ஒப்புக்கொள்ளும்வரை அது தொங்கலில் நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த விற்பனையே செல்லாது. நம் நாட்டு நீதிமன்றத்திலும் முஸ்லிம் வாரிசு ஒருவர் தன் பங்குக்கு மேல் விற்றால் மற்றவரின் பங்கு உங்களுக்கு வந்து சேராது. பத்து வருடம் கழித்து அந்தச் சகோதரியின் பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், நீங்கள்தான் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருடைய கழுத்தில் ஏழு பூமிகளும் மாட்டப்படும் என்று நபியவர்கள் எச்சரித்த ஹதீஸை ஒவ்வொரு வருடமும் கேட்கிறோம். விற்றவரோடு, தெரிந்தே வாங்கியவரும் அதில் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

"அவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாங்களே ஹஜ்ரத், அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிவாளர் அலுவலகத்தில் அது போதும். ஆனால் ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மன விருப்பம் இல்லாமல் மற்றவருக்கு ஹலாலாகாது என்பது நபிமொழி. அண்ணன் முகத்துக்காக, உம்மா அழுததற்காக, 'பிறந்த வீட்டு வாசல் அடைஞ்சிடும்' என்ற பயத்துக்காகப் போட்ட கையெழுத்தும் கையெழுத்துத்தான், ஆனால் மனம் அதில் இல்லை. அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பத்திரத்துக்கு முன்னால் உங்கள் உம்மாவையோ மனைவியையோ அந்தச் சகோதரி வீட்டுக்கு ஒரு நடை அனுப்புங்கள். "உங்களுக்குச் சேர வேண்டியது வந்துடுச்சா?" என்று பெண்களாகப் பேசிக் கேட்கட்டும். முடிந்தால் அவருடைய பங்குத் தொகையை அவர் பெயரிலேயே காசோலையாகக் கொடுங்கள். விற்கிற அண்ணனுக்கு இது பிடிக்காமல் போகலாம். பிடிக்காமல் போனால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தாய் பிள்ளையை வளர்ப்பவர்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுப் பங்கை விற்கும் அதிகாரம், தாய் என்பதால் மட்டும் அவருக்கு வந்துவிடாது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் எத்தீமுடைய பங்கை வாங்கவே வாங்காதீர்கள். எத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார்கள் என்று அல்லாஹ் சொல்வது (4:10) கேட்டுவிட்டுக் கடந்து போகிற வார்த்தை இல்லை.

வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்பார்கள். வில்லங்கத்தில் பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். நம் சமுதாயத்தில் வாய்மொழி ஹிபா உண்டு. வாப்பா தன் மகளுக்கு வீட்டைக் கொடுத்தார், மகள் ஏற்றுக்கொண்டு கைவசமும் எடுத்துக்கொண்டார் என்றால் ஷரீஅத்தில் அது நிறைவேறிவிட்டது. நாட்டுச் சட்டமும் முஸ்லிம்களின் ஹிபாவுக்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. அது எந்தச் சான்றிதழிலும் வராது. ஆகவே 30 வருட வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் பட்டாவும் பார்த்த பிறகும், தெருவில் நாலு பெரியவர்களிடம் கேளுங்கள். வக்கீல் காகிதத்தைப் படிப்பார், பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த வீட்டின் வரலாற்றையே சொல்வார்.

பள்ளிவாசல், தர்கா, மத்ரஸா பக்கத்து இடம் என்றால் வக்ஃப் பட்டியலையும் பார்த்துவிட வேண்டும். உமர் (ரலி) கைபர் நிலத்தை வக்ஃப் செய்தபோதே, அதை விற்கவோ ஹிபா கொடுக்கவோ வாரிசுரிமையாக்கவோ கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். 2013-இல் வந்த திருத்தமும் வக்ஃப் சொத்து விற்பனையைத் தடை செய்தது. முத்தவல்லி கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்பது பதில் இல்லை.

அடுத்து அட்வான்ஸ். கிரய ஒப்பந்தத்தில், "குறித்த தேதிக்குள் பத்திரம் முடிக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடையாது" என்று எழுதுகிறார்கள். இதற்கு ஃபிக்ஹில் உர்பூன் என்று பெயர். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ இமாம்கள் கூடாது என்கிறார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) கூடும் என்கிறார்கள். மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் பின் உமைய்யாவின் வீட்டை உமர் (ரலி) அவர்களுக்காக வாங்கிய சம்பவம் அவர்களின் ஆதாரம். கருத்து வேறுபாடு இருக்கிற இடத்தில் நான் சொல்வது இதுதான்: கெடு தேதியைத் தெளிவாக எழுதுங்கள், விற்பவர் பக்கம் குறை வந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். நீங்கள் விற்கிறவராக இருந்து, வாங்க வந்தவருக்கு உண்மையாகவே பணம் புரளவில்லை என்றால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விற்பனையிலிருந்து ஒருவரை விடுவித்தவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸ் இருக்கிறது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவதும் பொய்தான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் கனமாகத்தான் இருக்கும். அதையும் சேர்த்து பட்ஜெட் போட்டுவிட்டு வீடு தேடுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். வங்கிக் கடனில் 30 லட்சம், எட்டரை சதவீதம், இருபது வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது ஐயாயிரம்கூட இல்லை. இருபது வருடம் முடியும்போது கட்டியது 62 லட்சத்துக்கு மேல். வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவிக்கும் ஆயத்தை (2:279) நாம் அறிவோம்.

"ஐரோப்பாவில் கூடும்னு ஃபத்வா இருக்கே" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 1999-இல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் சொன்னது உண்மை. அது அந்த நாடுகளில் வேறு வீடோ, வேறு வழியோ இல்லாதவர் தன் குடும்பம் குடியிருக்க ஒரு வீடு வாங்குவதற்கு, நிபந்தனைகளோடு சொல்லப்பட்டது. அதையே உலமாக்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்கிற நம் ஊரில், தலைக்கு மேல் கூரை இருக்கிறவர் அதைத் தூக்கிக்கொண்டு வருவது சரியல்ல என்பது என் முடிவு.

வழியே இல்லையா? இஸ்லாமிய வங்கி முறையைக் கொண்டுவரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொல்லிவிட்டது. நமக்கு இருப்பது சிறிய வழிகள். விற்பவரிடமே தவணைக்கு வாங்கலாம். ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையை முதலிலேயே முடித்து, தாமதமானால் ஏற்றக் கூடாது என்றிருந்தால் நான்கு மத்ஹபிலும் கூடும். உறவினரோடு கூட்டாக வாங்கி, அவர் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். தள்ளுபடி இல்லாத குலுக்கல் சீட்டுப் போடலாம். ஏலச்சீட்டு வேண்டாம். முதலில் ஒரு சென்ட் மனை, பிறகு ஓர் அறை என்று கட்டியவர்கள் இந்த ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

சேமிக்கிற காலத்தில் ஒத்திக்குப் போகிறோம் என்கிறார்கள். ஐந்து லட்சம் கொடுத்து வாடகை இல்லாமல் மூன்று வருடம் இருந்துவிட்டு, முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. கடன் கொடுத்து அதன் மூலம் பலனை அனுபவிப்பது இது. ஃபுகஹாக்கள் இதை வட்டி என்றே சொல்கிறார்கள். நியாயமான வாடகை கொடுங்கள், அட்வான்ஸை அட்வான்ஸாக வையுங்கள். வீட்டுக்காகச் சேர்க்கும் பணம் நிஸாபை எட்டி ஒரு வருடம் ஆனால் ஜகாத்தும் உண்டு. வீட்டுக்கு எடுத்து வைத்தது என்பதால் விலக்கு வராது.

இன்ஷா அல்லாஹ், திங்கட்கிழமை அஸருக்குப் பிறகு மத்ரஸாவில் இருப்பேன். வீடு பேசி வைத்திருப்பவர்கள் தாய்ப்பத்திர நகலையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். இறந்தவர்களின் பெயர்களையும், யார் முதலில் வஃபாத்தானார், யார் பிறகு என்ற வரிசையையும் ஒரு தாளில் எழுதி வந்தால் பங்குக் கணக்கை உட்கார்ந்து போட்டுவிடலாம். விற்கப் போகிறவர்களும் வரலாம், அவர்களின் சகோதரிகளும் வரலாம்.